சட்டத்தின் முன் சமம் – மறுபாதி எங்கே?

மூன்றாம் ஆண்டு, இளங்கலை அரசியல் அறிவியல்

"சட்டத்தின் முன் அனைவரும் சமம்" என்பது நாம் யாவரும் அறிந்த தொடர். குடியரசு நாள் விழாவிலே சொற்பொழிவாளர் சொல்வார், நாம் கைதட்டுவோம். தேர்விலே ஐந்து மதிப்பெண் வினாவாக வரும். அரைப்பக்கம் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போவோம். ஆனால் நம் அரசியல் சட்டத்தின் 14-ஆம் பிரிவை எடுத்து முழுவதும் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? முழுவதும் என்றால் பெரிய வேலை ஒன்றுமில்லை. அது ஒரே ஒரு வாக்கியந்தான். இந்திய ஆட்சிப் பரப்பினுள் எந்த நபருக்கும் சட்டத்தின் முன் சமத்துவத்தையோ, சட்டங்களின் சமமான பாதுகாப்பையோ அரசு மறுத்தலாகாது என்பது அதன் பொருள்.

இதில் இரண்டு பாதிகள் உண்டு. முதற்பாதியை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். இரண்டாம் பாதியை ஏதோ ஓசை நயத்துக்காகச் சேர்த்த வால் என்று எண்ணி விட்டுவிடுகிறோம். அந்த வாலில்தான் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதற்பாதி இங்கிலாந்திலிருந்து வந்தது. அமைச்சரானாலும் ஆலைத் தொழிலாளியானாலும் ஒரே சட்டம், ஒரே நீதிமன்றம் என்பது அந்நாட்டுச் சட்ட மரபு. இரண்டாம் பாதி அமெரிக்காவிலிருந்து வந்தது. அடிமை முறையை ஒட்டி எழுந்த உள்நாட்டுப் போர் ஓய்ந்தபின், 1868-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியல் சட்டத்தில் சேர்ந்த பதினான்காம் திருத்தத்தில் அது இடம்பெற்றது. அங்கும் பதினான்கு, இங்கும் பதினான்கு! எண் ஒன்றாக அமைந்தது தற்செயலே; கருத்து ஒன்றாக அமைந்தது தற்செயலன்று.

முதற்பாதி அரசைப் பார்த்து, "பேதம் காட்டாதே" என்கிறது. இரண்டாம் பாதியோ, "உன் கையிலுள்ள பாதுகாப்பை எல்லாருக்கும் சேரும்படி கொடு" என்கிறது. ஒன்று விலகி நிற்கச் சொல்கிறது. மற்றது வேலை செய்யச் சொல்கிறது. நம் வாழ்க்கையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லலாம். ஒரு கல்லூரியில் நூலகம் மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை எல்லா மாணவர்க்கும் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விதி பொதுவானதுதான். ஆனால் கிராமத்திலிருந்து வரும் மாணவிக்கு ஊர் திரும்பும் கடைசி டவுன் பஸ் நாலரை மணிக்கு! நகரத்து மாணவனுக்கும் அவளுக்கும் நூலகம் சமம் என்று அறிவிப்புப் பலகை சொல்லும். நூலகப் பதிவேட்டைப் புரட்டினால் அவள் பெயர் ஒரு நாள்கூட இராது. பலகையைப் படிப்பவர் முதற்பாதியோடு நின்றுவிட்டவர். பதிவேட்டைப் புரட்டுபவரே இரண்டாம் பாதிக்கு வந்தவர்.

பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன நீதிபதிகள் உண்டு. அந்த வழக்கைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நம் பாடநூல்களில் அதற்கு ஒரு வரிக்குமேல் இடமில்லை.

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ நகரம். ரயில் பாதை போடவும் சுரங்கம் தோண்டவும் போன சீனர்கள் பலர் அங்கே துணி வெளுக்கும் தொழிலில் இறங்கினர். 1880-ஆம் ஆண்டில் அந்நகராட்சி ஒரு விதி செய்தது. மரக் கட்டடத்தில் வெளுப்பகம் நடத்த வேண்டுமானால் நகராட்சி மன்றத்தின் இசைவு பெறவேண்டும் என்பது அவ்விதி. அதிலே சீனர் என்ற சொல்லே கிடையாது. தீப்பிடிக்கும் அபாயம் என்று காரணமும் இருந்தது. அந்நகரில் இருந்த ஏறத்தாழ 320 வெளுப்பகங்களில் 310 மரக் கட்டடங்களே. மொத்தத்தில் 240 சீனருடையவை. இருநூறுக்கு மேற்பட்ட சீனர்கள் இசைவு கேட்டு விண்ணப்பித்தார்கள். ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனரல்லாதார் எண்பது பேர்போல விண்ணப்பித்தார்கள். ஒருவர் நீங்கலாக அனைவருக்கும் கிடைத்தது!

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே இடத்தில் தொழில் நடத்திய ஒரு சீனருக்கும் இசைவு மறுக்கப்பட்டது. தீயணைப்பு அதிகாரிகளும் சுகாதார அதிகாரிகளும் அவர் கடையைப் பார்த்துக் குறையில்லை என்று சான்று தந்திருந்தார்கள். இசைவின்றித் தொழிலைத் தொடர்ந்ததற்காகப் பத்து டாலர் அபராதம் விதித்தார்கள். கட்ட மறுத்தார், சிறைக்கு அனுப்பினார்கள். வழக்கு அந்நாட்டு உச்சநீதி மன்றம் வரை சென்றது. 'யிக் வோ' வழக்கு என்று அது பெயர் பெற்றது. அது கடையின் பெயர் என்றும், மனிதரின் பெயர் லீ யிக் என்றும் சொல்வார்கள். பாதுகாப்புக் கேட்டு வந்தவரின் பெயரைக்கூடச் சரியாக எழுதிக்கொள்ளவில்லை!

1886-ஆம் ஆண்டு மே மாதம் நீதிபதிகள் அனைவரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். விதியின் சொற்களில் குற்றமில்லாமல் இருக்கலாம். அதை நடத்தும் கை ஒரு சாராரிடம் ஒரு விதமாகவும் மற்றவரிடம் வேறு விதமாகவும் நடந்தால் அது சமமான பாதுகாப்பை மறுத்ததே ஆகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சீனர் அமெரிக்கக் குடிமகன் அல்லர். ஆயினும் 'எந்த நபருக்கும்' என்று எழுதியிருந்தபடியால் அவருக்கும் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம்.

நம் 14-ஆம் பிரிவிலும் 'குடிமகன்' என்ற சொல் இல்லை. 'நபர்' என்றே உள்ளது. நம் மாநிலத்தில் இலங்கைத் தமிழர் முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்கள் நம்மோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கிறார்கள். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. 14-ஆம் பிரிவு உண்டு. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளை மட்டும் பெயர் சொல்லிக் குறித்து இலங்கையை விட்டதே, அந்த வகைப்பாடு இப்பிரிவுக்குப் பொருந்துமா என்பது தனியாக எழுத வேண்டிய பொருள். இங்கே நினைவூட்டுவதோடு நிறுத்திக் கொள்கிறேன்.

சென்னை கண்ட வழக்கு

நம் நாட்டில் இந்த இரு பாதிகளும் முதன்முதலில் முட்டிக்கொண்ட இடம் சென்னை மாகாணமே எனலாம். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மருத்துவக் கல்லூரி, பொறியியல் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பகிர்ந்தளிக்கும் ஆணை அப்போது நம் மாகாணத்தில் இருந்தது. பதினான்கு இடங்கள் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது கணக்கு. 'கம்யூனல் ஜி.ஓ.' என்று அன்று எல்லாரும் அதை அழைத்தனர்.

இந்த ஆணை தம் உரிமையைப் பறிக்கிறது என்று செண்பகம் துரைராசன் என்ற அம்மையார் மருத்துவக் கல்லூரி இடம் குறித்தும், சீனிவாசன் என்பார் பொறியியல் கல்லூரி இடம் குறித்தும் வழக்குத் தொடர்ந்தனர். செண்பகம் அம்மையார் கல்லூரிக்கு விண்ணப்பமே அனுப்பியிருக்கவில்லை என்பதை உச்சநீதி மன்றமே தன் தீர்ப்பில் குறிப்பிட்டது வேடிக்கையான செய்தி. ஆயினும் தீர்ப்பு அவர் பக்கமே. 1950-இல் உயர்நீதி மன்றமும், 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதி மன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஆணை செல்லாது என்றனர். சாதியை மட்டுமே காரணமாகக் காட்டி அரசுக் கல்லூரியில் இடம் மறுக்கலாகாது என்ற பிரிவைக் காட்டினர். நலிந்தோர் கல்வியை அரசு வளர்க்க வேண்டும் என்ற 46-ஆம் பிரிவு வழிகாட்டும் நெறிதானே, அது அடிப்படை உரிமைக்கு அடங்கியே நடக்க வேண்டும் என்றும் கூறினர்.

சொற்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அத்தீர்ப்பில் தவறு காண்பது எளிதன்று. ஆனால் தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. பெரியார் முதலானோர் முன்னின்று நடத்திய கிளர்ச்சியால் மாகாணம் கொந்தளித்தது. தீர்ப்பு வந்த மூன்றாவது மாதத்திலேயே, 1951 ஜூன் 18 அன்று, அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. சமுதாயத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு வழிவிடும் 15(4) பிறந்தது இவ்வாறே.

இங்கே நம்மில் பலர் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறோம். இடஒதுக்கீடு என்பது சமத்துவத்துக்கு விலக்கு. ஏதோ இரக்கப்பட்டுத் தந்த சலுகை என்று, அதனால் பயன்பெற்றவர்களே தலைகுனிந்து பேசக் கேட்டிருக்கிறேன். என் வகுப்பிலும் கேட்டிருக்கிறேன். எனக்கு இதைவிட வருத்தம் தருவது வேறொன்றில்லை. 1975-ஆம் ஆண்டில் கேரளத்து எழுத்தர்கள் பற்றிய தாமஸ் வழக்கிலே உச்சநீதி மன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் இந்த எண்ணத்தைத் திருப்பிப் போட்டனர். துறைத்தேர்வு எழுதித் தேற, பட்டியல் சாதி, பழங்குடி எழுத்தர்களுக்குக் கூடுதல் அவகாசம் தந்தது செல்லும் என்றனர். அது விலக்கன்று, உண்மையான சமவாய்ப்பை உண்டாக்கும் வழியே அது என்ற கருத்து அத்தீர்ப்பில் வலுவாக எழுந்தது. அதாவது, 14-ஆம் பிரிவின் இரண்டாம் பாதி அன்றுதான் நம் நாட்டில் கண்விழித்தது.

என் பெற்றோர் இருவரும் கல்லூரி வாயிலை மிதித்ததில்லை. என் போன்றோர் இந்த மலரில் எழுதுவதற்கு அந்த இரண்டாம் பாதியே காரணம். அதைச் சலுகை என்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன்.

அண்மைக் காலத்திலும் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. நீட் தேர்வு வந்தபின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரி எட்டாக்கனி ஆயிற்று. தேர்வு எல்லாருக்கும் ஒன்றுதான், வினாத்தாள் ஒன்றுதான். ஆனால் இலட்சக்கணக்கில் கொடுத்துப் பயிற்சி நிலையத்தில் ஈராண்டு அமர்ந்தவனும், பள்ளி முடிந்ததும் பூப்பறிக்கப் போகும் பிள்ளையும் அதே வினாத்தாளை எடுக்கும்போது சமம் என்ற சொல் எவ்வளவு தூரம் நீளும்? 2020-இல் தமிழக அரசு, அரசுப் பள்ளிகளில் படித்தோருக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு செய்து சட்டம் இயற்றியது. பள்ளியைக் கொண்டு மாணவரைப் பிரிக்கலாமா என்று வழக்கு வந்தது. பிரிக்கலாம் என்று 2022-இல் சென்னை உயர்நீதி மன்றம் தீர்ப்பளித்தது.

பெயரை மாற்றினால் இனம் மாறுமா?

ஆகவே, பிரித்து நடத்துவதெல்லாம் குற்றமன்று. எல்லாச் சட்டமும் யாரையோ எதிலிருந்தோ பிரிக்கத்தான் செய்கிறது. பிரிப்பதற்கு விளங்கத்தக்க வேறுபாடு ஒன்று இருக்க வேண்டும். அந்த வேறுபாட்டுக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும். இந்த இரண்டையும் நீதிமன்றங்கள் எழுபதாண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகின்றன. 1952-இல் அன்வர் அலி சர்க்கார் வழக்கில், எந்த வழக்கை வேண்டுமானாலும் தனி நீதிமன்றத்துக்கு அனுப்பலாம் என்ற மேற்கு வங்கச் சட்டம் இந்தச் சோதனையில் தோற்றது. விரைவாக விசாரிக்க வேண்டும் என்பது நோக்கமாம். எந்த வழக்கைத்தான் மெதுவாக விசாரிக்க வேண்டும்?

சோதனை நல்லதுதான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவருக்கு வேறு பெயர் சூட்டிவிட்டால், "இவர் வேறு இனம், அவர் வேறு இனம், ஒப்பிடவே கூடாது" என்று சொல்லித் தப்பிக்கலாம். இது என் கற்பனையன்று, நடந்தது.

1981-ஆம் ஆண்டு நர்கேஷ் மீர்சா வழக்கு. ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண்கள் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும். வேலையில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்துகொண்டாலும், முதன்முறை கருவுற்றாலும் வேலை போய்விடும். அதிகபட்சம் 45 வயது வரை நீட்டிப்பதும் மேலதிகாரியின் விருப்பம். அதே விமானத்தில் பயணிகளைக் கவனிக்கும் ஆண் பணியாளருக்கோ ஓய்வு வயது 58. கருவுற்றால் வேலை நீக்கம் என்ற விதியை நீதிபதிகள் கடுமையான சொற்களால் கண்டித்து நீக்கினர். மேலதிகாரியின் எல்லையற்ற அதிகாரத்தையும் நீக்கினர். ஆனால் ஆணோடு பெண்ணை ஒப்பிட மறுத்துவிட்டனர். ஏன்? இருவரும் தனித்தனிப் பணிப்பிரிவினராம். பதவிப் பெயர் வேறாம், சேரும் முறை வேறாம், பதவி உயர்வு வேறாம். அந்தப் பிரிவுகளை அமைத்தது யார்? அதே நிறுவனம்! தானே வேலி போட்டுவிட்டு, நடுவில் வேலி இருக்கிறதே என்று காரணம் சொல்வதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது எனக்கு இன்றுவரை விளங்காத ஒன்று.

அதற்கு ஈராண்டுகள் முன்புதான், 1979-இல், முத்தம்மா வழக்கிலே நீதிபதி கிருஷ்ணய்யர் அழகாகக் கேட்டிருந்தார். அம்மையார் குடகு நாட்டவர், சென்னையில் படித்தவர், நம் நாட்டு வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அப்பணியில் உள்ள பெண் திருமணம் செய்ய அரசின் அனுமதி பெற வேண்டும், திருமணமான பின் குடும்பப் பொறுப்பால் பணி கெடும் என்று அரசு கருதினால் விலகச் சொல்லலாம் என்று விதி இருந்தது. ஆணுக்குக் குடும்பப் பொறுப்பே கிடையாதா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி.

நம் கண்முன்னே

இவ்வளவையும் நான் எழுதக் காரணம் ஏர் இந்தியா அன்று. நம் கல்லூரி வேலை நேரப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதே பாடம், அதே மணி, அதே வருகைப் பதிவேடு, அதே அகமதிப்பீடு, அதே தேர்வறைக் கண்காணிப்பு. ஆனால் சிலர் உதவிப் பேராசிரியர். சிலர் கௌரவ விரிவுரையாளர். நம் மாநிலத்து அரசுக் கலைக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கானோர் இப்பெயரில் பணிபுரிகின்றனர். பெயரில் கௌரவம் இருக்கிறது. தொகுப்பூதியம், பதினோரு மாதங்களுக்கு மட்டும். மே மாதத்தில் அவர்களுக்குப் பசிக்காது போலும்!

ஏழாவது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். வருகை விரிவுரையாளர்க்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மிகாமல் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் நெறிமுறை வகுத்தது. நம் ஆசிரியர்கள் பெறும் தொகுப்பூதியம் இந்த ஐம்பதாயிரத்தையும் எட்டவில்லை. முனைவர் பட்டமும், நெட், செட் தேர்ச்சியும் பெற்றுப் பத்தாண்டு, பதினைந்தாண்டு பாடம் நடத்தியவர்கள் இவர்களுள் உண்டு.

இது நியாயமா என்று கேட்டால் மூன்று விடைகள் வழக்கமாக வரும்.

ஒன்று, அவர்கள் தெரிந்துதானே சேர்ந்தார்கள் என்பது. இதற்கு உச்சநீதி மன்றமே விடை சொல்லிவிட்டது. 2016-ஆம் ஆண்டு பஞ்சாப் தற்காலிகப் பணியாளர்கள் பற்றிய ஜகஜித் சிங் வழக்கிலே, குறைந்த ஊதியத்துக்கு ஒருவன் சம்மதிப்பது மனம் ஒப்பி அன்று, குடும்பத்துக்குச் சோறு போட வேண்டிய கட்டாயத்தால் என்று கூறிய நீதிபதிகள், ஒரே வேலை செய்யும் தற்காலிகப் பணியாளருக்கும் நிரந்தரப் பணியாளரின் ஊதிய விகிதத்தில் குறைந்த அளவையாவது தர வேண்டும் என்றனர். 1982-லேயே ரந்தீர் சிங் வழக்கில், தில்லிக் காவல் துறை ஓட்டுநர் ஒருவர் மற்றத் துறை ஓட்டுநர்களைவிடக் குறைந்த ஊதியம் பெற்றதைப் பார்த்து, சம வேலைக்குச் சம ஊதியம் என்பது 14-ஆம் பிரிவிலிருந்தே கிளைப்பது என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி கூறியிருந்தார். மீர்சா வழக்கு போட்ட வேலியை இந்தத் தீர்ப்பு ஓரிடத்திலாவது பிடுங்கியது.

இரண்டாவது, நிரந்தர ஆசிரியர்க்கு ஆராய்ச்சி, நிருவாகம் என வேறு கடமைகளும் உண்டு என்பது. உண்மைதான். அதற்காக முழு ஊதியம் இல்லாவிட்டாலும் போகட்டும். குறைந்த அளவு ஊதியம் எங்கே?

மூன்றாவது விடை மட்டும் எளிதில் தள்ளக்கூடியதன்று. 2006-ஆம் ஆண்டு உமாதேவி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு கூறியது அது. முறையான போட்டியின்றி உள்ளே வந்தவரை அப்படியே நிரந்தரமாக்கினால், வெளியே நின்று விண்ணப்பிக்கவே வாய்ப்பில்லாமல் போன மற்ற பட்டதாரிகளின் சமவாய்ப்பு என்னாவது? வெளியே நிற்பவர் நாளை நாமாகவும் இருக்கலாம். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்காகக் காத்திருக்கும் நம் கல்லூரி முன்னாள் மாணவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கும் 14-ஆம் பிரிவு பொதுவல்லவா?

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் உமாதேவி வழக்கு பதவி நிரந்தரத்தைப் பற்றியது. மாதச் சம்பளத்தைப் பற்றியதன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டு, "நிரந்தரமாக்க முடியாது, ஆகவே குறைத்தே கொடுப்போம்" என்று சொல்வது முறையன்று. 2024 டிசம்பரில் ஜக்கோ என்பவரின் வழக்கிலே, நெடுங்காலம் உழைத்தோரின் நியாயமான கோரிக்கையைத் தட்டிக்கழிக்க உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று உச்சநீதி மன்றம் வருந்தியது. 2025 ஆகஸ்டில் குஜராத் வழக்கு இன்னும் நம் கதைக்கு நெருக்கமானது. அங்கே அரசுக் கல்லூரிகளில் ஒப்பந்த முறையில் பணிபுரிந்த உதவிப் பேராசிரியர்களுக்கு மாதம் 30,000 ரூபாய். பக்கத்து அறையில் அதே பாடம் நடத்தும் நிரந்தரப் பேராசிரியருக்கு ஓர் இலட்சத்துக்கு மேல். ஊதிய விகிதத்தின் குறைந்த அளவை இவர்களுக்கும் கொடு என்றது உச்சநீதி மன்றம். விழா மேடைகளில் குருவைப் போற்றிச் சுலோகம் சொல்லிக்கொண்டிருந்தால் மட்டும் போதாது என்றும் சொன்னது. ஆசிரியர் நாள் விழாவில் நாமும் பாடல் பாடியிருக்கிறோம், பொன்னாடை போர்த்தியிருக்கிறோம்.

தீர்ப்புகள் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது நாம் என்ன செய்வது என்று கேட்கலாம். தீர்ப்பு என்பது வழக்குத் தொடுத்தவர் கைக்கு வந்து சேருவதற்கே ஆண்டுகள் ஆகின்றன. யிக் வோவுக்குப் பத்தாண்டுகள் கழித்து அதே அமெரிக்க உச்சநீதி மன்றம், ரயிலில் வெள்ளையருக்கு ஒரு பெட்டி, கறுப்பருக்கு ஒரு பெட்டி என்று பிரித்தாலும் சமத்துவம் கெடாது என்று 1896-இல் சொல்லிவிட்டது. அதைப் பள்ளிக்கூடத்தளவிலே மாற்ற 1954 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏட்டில் உள்ள நல்ல தீர்ப்பைக் கேட்டு வாங்க ஆள் இல்லாவிட்டால் அது ஏட்டிலேயே இருக்கும்.

நம் துறை மாணவர்கள் சிலர் சேர்ந்து உயர்கல்வித் துறைச் செயலாளருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். கேட்பவை இரண்டே. கௌரவ விரிவுரையாளர்க்கு ஊதிய விகிதத்தின் குறைந்த அளவு. மே மாதத்துக்கும் சேர்த்துப் பன்னிரண்டு மாத ஊதியம். காலியிடங்களை முறையான தேர்வு நடத்தி நிரப்ப வேண்டும் என்பதையும் கடைசியில் சேர்க்கலாமா என்று எங்களுக்குள்ளே விவாதம் நடக்கிறது. சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. வெளியே காத்திருப்பவர்களை மறந்துவிட்டுச் சமத்துவம் பேசுவது அழகன்று. பணி அனுபவத்துக்குத் தக்க மதிப்பெண் கொடுத்தால் உள்ளே இருப்பவர்களும் தள்ளப்படமாட்டார்கள்.

மனுவில் கௌரவ விரிவுரையாளர் ஒருவர் பெயரையும் நாங்கள் சேர்க்கவில்லை. அவர்களிடம் கையெழுத்துக் கேட்கவும் இல்லை. ஆண்டுதோறும் புதிய ஆணையை எதிர்பார்த்திருப்பவர்களைச் சங்கடத்தில் மாட்டலாகாது. நிரந்தரப் பேராசிரியர்கள் கையெழுத்திட முன்வந்தால் மகிழ்வோம். மனுவின் படி ஒன்றைத் துறைத்தலைவரிடம் கொடுத்திருக்கிறோம். மாணவர் கையெழுத்து எல்லாத் துறைகளிலிருந்தும் வேண்டும். முதல் சுற்று, இரண்டாம் சுற்று வகுப்பு மாணவர்கள் தத்தம் வகுப்புப் பிரதிநிதியிடம் தாளைக் கேட்டுப் பெறலாம். விடுதி மாணவர்களிடம் நாங்களே நேரில் வருகிறோம்.